ஓடும் ரம்பத்தை இழுத்துக் கட்டுவது எப்படி?



பழனி மலைக்கோயிலுக்கு ரோப்காரில் போயிருக்கிறீர்களா? 2004-ஆம் ஆண்டு நவம்பரில் அது ஓடத் தொடங்கியது. வரிசையில் நிற்கும்போது எல்லோரும் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். அடுத்த முறை பெட்டியை விட்டுவிட்டு, நிலையத்தில் இருக்கும் பெரிய சக்கரத்தைப் பாருங்கள். கீழே ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம். அவற்றைச் சுற்றி வரும் எஃகு வடம். வடம் தொய்ந்தால் பெட்டிகள் தாழ்ந்துவிடும்; சக்கரத்தின் பிடியும் விட்டுப்போகும். வரம்பு மீறி இழுத்தாலோ வடத்துக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவே ஒரு சரியான இழுவிசை உண்டு. மாதத்துக்கு ஒரு நாள் ரோப்காரை நிறுத்தி வடத்தையும் உருளைகளையும் பார்வையிடுவது இதுபோன்ற காரணங்களுக்காகத்தான்.

இந்தக் காட்சியை அப்படியே சுருக்கி ஒரு மேசை அளவுக்குக் கொண்டு வாருங்கள். வடத்துக்குப் பதிலாக ஒரு மெல்லிய எஃகுப் பட்டை. அதன் ஓர் ஓரத்தில் வரிசையாகப் பற்கள். இதுதான் பட்டை ரம்பம். பட்டறைகளில் 'பேண்ட்சா' என்று சொல்வார்கள். இரும்புக் கம்பி, குழாய், தண்டு எதுவானாலும் அறுத்துத் தள்ளும். கையால் அறுக்கும் ஹேக்ஸாவில் முன்னே தள்ளும்போது மட்டும்தான் வேலை நடக்கிறது. பின்னே இழுப்பது வீண். பட்டை ரம்பத்துக்குப் பின்னே வருவது என்பதே இல்லை. முடிவில்லாமல் ஒரே திசையில் ஓடிக்கொண்டே அறுக்கிறது.

பார்க்க எளிய பொறிதான். ஆனால் புதிதாகப் பழகுபவர்களுக்கு இதில் இரண்டு சங்கடங்கள் வரும். ஒன்று, வெட்டு நேராக இறங்காமல் சாய்ந்து போகும். மற்றொன்று, பிளேடு 'பட்'டென்று அறுந்துவிடும். இரண்டுக்கும் முதலில் சந்தேகப்பட வேண்டியது பற்களின் கூர்மையை அல்ல, பட்டையின் இழுவிசையை.

கொடைக்கானலில் நீங்கள் ஒரு சிறு பட்டறை வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக் கதவு, தண்ணீர்க் குழாய், தோட்டத்து வேலி என்று நாள் முழுதும் வேலை. பிளேடு அறுந்துபோனால் என்ன செய்வீர்கள்? பட்டையை அளவுக்கு வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கித் தரும் கடைக்காகப் பத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ மலைப்பாதையில் இறங்கிச் சமவெளிக்குத்தான் வர வேண்டும். பழனிக்கு மட்டும் அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் வேலை போயிற்று! மலையில் இருப்பவன் தன் பொறியைத் தானே சரி செய்யத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். 1907-இல் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்துக்கு வந்து, 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்த ஜான் எவர்ஷெட்கூடத் தம் கருவிகளைத் தாமே பூட்டி அமைத்துக்கொள்வதில் வல்லவராக இருந்தவர்தான்.

காகிதத் துண்டு சொல்லும் செய்தி

முதலில் ஒரு சோதனை. நோட்டிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நீளமான காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் இரு கைகளால் தளர்வாகப் பிடித்து, துண்டு ஓரத்தில் நிற்கும்படி, அதாவது அதன் விளிம்பு மேலே பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நண்பரை அழைத்து அந்த விளிம்பின் நடுவில் ஒரு பென்சிலை வைத்து மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். காகிதம் உடனே பக்கவாட்டில் சாய்ந்து மடங்கிவிடும். இப்போது இரு முனைகளையும் நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். அதே காகிதம் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது அல்லவா?

ரம்பத்தின் பிளேடும் இப்படித்தான். நாம் எடுத்துக்கொள்ளப்போகும் பிளேடு 27 மி.மீ. அகலமும் 0.9 மி.மீ. தடிமனும் உடையது, பட்டறைகளில் மிகவும் வழக்கமான அளவு. இரும்பை அறுக்கும்போது பிளேடு பற்களின் பக்கமாக, அதாவது விளிம்பின் மேல், அழுத்தப்படுகிறது. தளர்ந்திருந்தால் நேராக இறங்குவதைவிட ஒரு பக்கமாகச் சாய்வதே அதற்கு எளிது. ஒரு தடிமனான தண்டை அறுத்து முடித்த பின் வெட்டுமுகத்தைப் பார்த்தால், தட்டையாக இல்லாமல் தட்டுப்போல் குழிந்தும் எதிர்த் துண்டில் புடைத்தும் இருக்கும். அந்தத் துண்டை மறுபடி கடைசல் இயந்திரத்தில் கடைந்து தட்டையாக்க வேண்டும். அளவு குறைந்துபோனால் துண்டே வீண்.

எவ்வளவு இழுக்க வேண்டும்?

நன்றாக இழுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் 'நன்றாக' என்பது ஓர் அளவு ஆகாது. இங்கேதான் உங்கள் இயற்பியல் புத்தகத்தில் உள்ள ஹூக் விதி உதவிக்கு வருகிறது.

இழுவிசையைப் பட்டையின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. நீளம் எவ்வளவு கூடியதோ அதை முதல் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. மீட்சி எல்லைக்குள் தகைவு திரிபுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எஃகுக்கு இந்த விகிதம், அதாவது யங் குணகம், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,00,000 நியூட்டன்.

இன்றைய நல்ல பிளேடுகள் இரட்டை உலோகத்தால் ஆனவை. முதுகு வளையக்கூடிய ஸ்பிரிங் எஃகு. பற்கள் இருக்கும் ஓரத்தில் மட்டும் ஓர் இழை அளவுக்கு அதிவேக எஃகை எலக்ட்ரான் கற்றையால் உருக்கி ஒட்டியிருப்பார்கள். இப்படிப்பட்ட பிளேடுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் அளவிலான தகைவு பொருத்தமானது. தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் இதைவிடச் சற்றுக் கூடவோ குறையவோ இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். மலிவான கார்பன் எஃகுப் பிளேடுகள் இவ்வளவு தாங்கா. அவற்றுக்கு இதில் பாதி, அல்லது பாதிக்குச் சற்று மேல் போதும்.

கணக்குப் போடுவோம். பற்களின் உயரத்தைக் கழித்துவிட்டால் நம் பிளேடின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 22 சதுர மி.மீ. அதை 200-ஆல் பெருக்கினால் 4,400 நியூட்டன். இது பட்டையின் ஒரு பக்கத்தில் உள்ள இழுவிசை மட்டும். சக்கரத்தைச் சுற்றி வருவதால் பட்டை இரு பக்கமும் இழுக்கிறது. ஆக, சக்கரத்தின் அச்சு தாங்க வேண்டியது 8,800 நியூட்டன். அதாவது சுமார் 900 கிலோ எடை! ஒரு சிறிய காரையே அந்த அச்சில் தொங்கவிட்டதற்குச் சமம். இவ்வளவும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒரு பட்டையில்! பொறி ஓடும்போது சக்கர மூடிகளைத் திறக்கவே கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

திரிபையும் பார்த்துவிடுவோம். 200-ஐ 2,00,000-ஆல் வகுத்தால் 0.001. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் பிளேடு ஒரு மில்லிமீட்டர் நீள வேண்டும், அவ்வளவுதான். 3 மீட்டர் சுற்றளவுள்ள பிளேடு 3 மி.மீ. நீளும். அது இரு பக்கமும் பங்கிடப்படுவதால் சக்கரம் நகர வேண்டிய தூரம் வெறும் ஒன்றரை மில்லிமீட்டர். தொய்வு முழுவதும் போன பிறகு திருகாணியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாலே ஏறக்குறைய வேலை முடிந்துவிடும். (திருகுக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஸ்பிரிங் இருக்கும் பொறிகளில் அதுவும் சுருங்குவதால் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும்.) 'இன்னும் ரெண்டு சுத்து சுத்தினா என்ன?' என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இந்த நீட்சியை எப்படி அளப்பது? இதற்கென்று முள் ஓடும் அளவி ஒன்று விற்கிறார்கள். பிளேடில் கவ்வ வைத்தால் தகைவையே காட்டும். விலை அதிகம். அது இல்லாத பட்டறையில் வெர்னியர் காலிப்பர் போதும். பிளேடு நேரானதும், ஆனால் இன்னும் இழுபடாத நிலையில், காலிப்பரின் இரு தாடைகளையும் 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு சிறு கவ்விகளால் பிளேடோடு சேர்த்துப் பிடித்துவிட வேண்டும். ஓடும் தாடையின் பூட்டுத் திருகு தளர்ந்திருக்கட்டும். இப்போது சக்கரத் திருகை மெல்ல இறுக்கினால் பிளேடு நீள நீளத் தாடையும் நகரும். 0.15 மி.மீ. நகர்ந்ததும் நிறுத்த வேண்டியதுதான். உங்கள் பள்ளி ஆய்வகத்து வெர்னியரின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ. அது இந்த வேலைக்குப் போதாது. 0.02 மி.மீ. காட்டும் பட்டறைக் காலிப்பர் வேண்டும்.

அனுபவசாலிகள் இதெல்லாம் இல்லாமல், பொறியை நிறுத்தி வைத்து, பிளேடை விரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்பதுண்டு. இது வெறும் பழக்கம் அல்ல; இதிலும் இயற்பியல் இருக்கிறது. சோனாமீட்டர் கம்பியின் அதிர்வெண், இழுவிசையின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எஃகுக் கம்பியானாலும் எஃகுப் பட்டையானாலும், தகைவும் நீளமும் ஒன்றாக இருந்தால் எழும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றுதான். தடிமன், அகலம் எதுவும் கணக்கில் வருவதில்லை! அரை மீட்டர் நீளம் விடப்பட்ட பிளேடில் 200 நியூட்டன் தகைவு இருந்தால் நொடிக்குச் சுமார் 160 அதிர்வு. இழுவிசையில் கால் பங்கு குறைந்தால் அது 139 ஆக இறங்கிவிடும். சங்கீதம் படிக்கும் மாணவருக்கு: இது ச-வுக்கும் ரி-க்கும் உள்ள தூரத்தைவிடச் சற்று அதிகம். பழகிய காது கட்டாயம் கண்டுபிடித்துவிடும்.

இறுக்கினால் போதாதா, ஏன் பயப்பட வேண்டும்?

தளர்வாக இருந்தால் வெட்டு கோணும் என்றால், தாராளமாக இறுக்கிவிட்டுப் போகலாமே? இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத ஒரு செலவு இருக்கிறது.

பிளேடு சக்கரத்தின் மேல் ஏறும்போது வளைகிறது. வளையும் பட்டையின் வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் சுருங்கும். எவ்வளவு? பிளேடின் தடிமனைச் சக்கரத்தின் விட்டத்தால் வகுத்தால் போதும். 0.9 மி.மீ. தடிமன், 300 மி.மீ. விட்டம் என்றால் திரிபு 0.003. தகைவோ சதுர மில்லிமீட்டருக்கு 600 நியூட்டன்! நாம் திருகால் கொடுத்த 200-ஐப்போல் மூன்று மடங்கு. வெளிப்பக்கத்தில் இரண்டும் சேர்ந்து 800 ஆகிறது. உட்பக்கத்தில் 600 அழுத்தத்திலிருந்து 200 கழிந்து 400 அழுத்தமாக நிற்கிறது. பிறகு பிளேடு சக்கரத்தை விட்டு நேராகும்போது இரு பக்கமும் மறுபடி 200.

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி மடக்கி ஒடித்திருப்பீர்கள். ஒரு முறை மடக்கினால் ஒடியாத கம்பி பல முறை மடக்கினால் ஒடிகிறது. உலோகம் களைத்துப்போகிறது என்பார்கள். நம் பிளேடு நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். மென் இரும்புக்கு ஏற்ற வேகம்தான். 3 மீட்டர் பிளேடு நிமிடத்தில் 20 சுற்றுகள். சுற்றுக்கு இரண்டு சக்கரம். ஆக 40 வளைவு. எட்டு மணி நேரத்தில் 19,200 வளைவுகள். இதற்கு மேல், சக்கரத்தில் படுத்த நிலையில் வரும் பிளேடை அறுக்கும் இடத்தில் நிமிர்த்தி நிறுத்த இரு பக்கமும் முறுக்கித் திருப்பும் கைடுகள் வேறு. நீங்கள் கூடுதலாக இறுக்கும் ஒவ்வொரு நியூட்டனும் இத்தனை ஆயிரம் வளைவுகளிலும் 800-இன் தலைமேல் ஏறி உட்காருகிறது. முதலில் பற்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு தோன்றும். ஒட்டுப் போட்ட இடத்திலும் தோன்றலாம். பிறகு ஒரு நாள் அறுந்துவிடும்.

சிறிய சக்கரமுள்ள பொறியில் தடித்த பிளேடை மாட்டக்கூடாது என்பதும் இதனால்தான். 'தடிமனா இருந்தா உறுதியா இருக்கும்' என்று நினைப்பது இங்கே தலைகீழாகப் போகிறது.

இந்தச் சிக்கல் பட்டை ரம்பத்தின் பிறப்பிலேயே இருந்தது. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1808-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்தக் காலத்தில் இடைவிடாத வளைவைத் தாங்கும் எஃகும் இல்லை, முனைகளை உறுதியாக ஒட்டும் வழியும் இல்லை. பொறி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தூங்கியது. ஒட்டும் வழியைக் கண்டு 1846-இல் காப்புரிமை பெற்றவர் பிரான்சு நாட்டுப் பெண்மணி ஆன் பாலின் கிரெப்பன். பாரிஸைச் சேர்ந்த பெரின் என்பவர் அதை வைத்து நல்ல பிளேடுகளைச் செய்தார். அதுவும் மரம் அறுக்கத்தான். இரும்பை அறுப்பதற்கென்று 1933-இல் அமெரிக்காவில் லேட்டன் வில்கி ஒரு பட்டை ரம்பத்தை அமைத்த பிறகே அது உலோகப் பட்டறைக்குள் நன்றாகக் கால் வைத்தது.

மாட்டிச் சரிசெய்யும் முறை

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெயினையே அணைத்து விடுங்கள். சுருட்டிக் கட்டியிருக்கும் புதுப் பிளேடின் கட்டை அவிழ்த்ததும் அது ஸ்பிரிங்போலச் சீறித் திறக்கும். கண்ணாடியும் தோல் கையுறையும் வேண்டும். (பொறி ஓடும்போது கையுறை கூடாது, பல்லில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.)

பற்கள் ஓடும் திசையைப் பார்த்து மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், தலைகீழாக மாட்டிவிட்டு 'அறுக்கவே மாட்டேங்குது' என்று தவிப்பவர்கள் உண்டு. பற்கள் சக்கர விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கைடுகளைத் தளர்த்தி விலக்கி, தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். பிளேடு சக்கரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறதா, நகர்ந்து வெளியே வருகிறதா, உள்ளே போய் உரசுகிறதா என்பதுதான் கேள்வி.

உலோகம் அறுக்கும் பொறிகளில் சக்கரத்தின் பின்பக்கம் ஒரு விளிம்பு உயர்ந்திருக்கும். பிளேடின் முதுகு அந்த விளிம்பை ஒட்டி, ஆனால் அழுத்தி உரசாமல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஓட வேண்டும். உரசினால் கிறீச்சிடும், முதுகு கடினமாகி, அங்கிருந்து வெடிப்பு தொடங்கும். அறுந்த பிளேடில் வெடிப்பு பற்களின் பக்கமிருந்து வந்ததா, முதுகுப் பக்கமிருந்து வந்ததா என்று பாருங்கள். முதுகிலிருந்து என்றால் இந்த விளிம்பையும், முதுகைத் தாங்கும் பேரிங்கையும்தான் விசாரிக்க வேண்டும்.

பிளேடை உள்ளேயோ வெளியேயோ நகர்த்த, மோட்டார் இல்லாத சக்கரத்தைச் சிறிதளவு சாய்க்கும் திருகு ஒன்று இருக்கும். சக்கரம் சாய்ந்தால் பிளேடு ஏன் நகர வேண்டும்? சின்னாளபட்டியில் தறிக்கு நூல் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நூல் சற்றே சாய்வாக வந்தால் ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றுக்குப் பக்கத்தில் போய் விழுகிறது. சாய்ந்த சக்கரத்தில் ஏறும் பிளேடும் அப்படியே சுற்றுக்குச் சுற்று இம்மி இம்மியாக ஒரு பக்கம் போகிறது. திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பாதீர்கள். திருப்பிவிட்டு, சக்கரத்தைப் பல சுற்றுகள் கையால் சுற்றிப் பார்த்து, பிறகு அடுத்த கால் சுற்று. இதில் அவசரம் உதவாது.

இனி முழு இழுவிசை. முன்பு சொன்னபடி அளந்து இறுக்குங்கள். இறுக்கியதும் பிளேடு ஓடும் இடம் மறுபடி மாறியிருக்கும். 900 கிலோ இழுப்பில் வார்ப்பிரும்புச் சட்டமும் நூலளவு வளைவதால் சக்கரத்தின் சாய்வும் மாறுகிறது. எனவே ஓட்டத்தை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். முதல் முறையே சரியாக இருந்தது என்று இதை விட்டுவிடுபவர்களின் பிளேடுதான் ஓடத் தொடங்கியதும் கழன்று விழும்.

கடைசியாகக் கைடுகள். பக்கவாட்டுப் பேரிங்குகள் பிளேடை நெரிக்காமல் தொட்டுக்கொண்டிருக்கட்டும். கைடு கைகளை அறுக்கும் பொருளுக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டு வாருங்கள். தாங்கலில்லாத நீளம் பாதியானால் நடுவில் பிளேடு விலகுவதும் பாதிக்குக் குறைந்துவிடும். இது காசில்லாத வைத்தியம். இரண்டு அங்குலக் குழாயை அறுக்கும்போது கைடுகளை ஓரடி தள்ளி வைத்துவிட்டு, வெட்டு கோணுகிறதே என்று இழுவிசையைக் கூட்டுவது வீண் வேலை. மூலைமட்டத்தை மேசையில் வைத்துப் பிளேடு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒரு பழைய துண்டில் வெட்டிப் பாருங்கள். புதுப் பிளேடாக இருந்தால் முதல் சில வெட்டுகளை வழக்கத்தில் பாதி அழுத்தத்தில் இறக்குங்கள். பற்களின் ஊசி முனை மெல்லத் தேய்ந்து பதமாகட்டும்.

மலைக்குளிரும் பிளேடும்

பழனியில் கோடைப் பகலில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். கொடைக்கானலில் குளிர்கால இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். எஃகு குளிர்ந்தால் சுருங்கும். அப்படியானால் மலைமேல் பிளேடு தானாகவே இறுகிவிடுமா? பலருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இல்லை. பிளேடு சுருங்கும்போது பொறியின் சட்டமும் சேர்ந்து சுருங்குகிறது. எஃகும் வார்ப்பிரும்பும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிந்து சுருங்குபவை. 25 டிகிரி வேறுபாட்டுக்கும் தகைவில் ஏற்படும் மாற்றம் 200-இல் ஐந்து நியூட்டன் அளவுக்குத்தான். மறந்துவிடலாம்.

ஆனால் பிளேடு மட்டும் சூடாகும்போது கதை வேறு. அறுக்கும் சூட்டில் பிளேடு, சட்டத்தைவிட 20 டிகிரி அதிகம் சூடாகிறது என்று வையுங்கள். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 12 பங்கு நீளும். 20 டிகிரிக்கு 0.24 மி.மீ. நாம் கொடுத்த நீட்சியே மீட்டருக்கு 1 மி.மீ. தானே! அதில் கால் பங்கு காணாமல்போகிறது. 200 நியூட்டன் தகைவு 152 ஆக இறங்குகிறது. காலையில் நேராக அறுத்த பொறி பத்து மணிக்குக் கோணலாக அறுக்கத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். ஆகவே சில வெட்டுகள் முடிந்ததும் நிறுத்தி, இழுவிசையை மறுபடி பார்க்க வேண்டும். கட்டிங் ஆயில் கலந்த நீர் தாராளமாக விழுந்துகொண்டிருந்தால் இந்தச் சூடே பெரும்பாலும் எழாது.

சூட்டில் இறுக்கிவிட்டு மாலையில் அப்படியே பட்டறையைப் பூட்டிக்கொண்டு போனால்? இரவில் பிளேடு சட்டத்தின் வெப்பநிலைக்கே திரும்பும். காணாமல்போன 48 நியூட்டனும் திரும்பி வந்து, தகைவு 248-இல் நிற்கும். வளைந்திருக்கும் பகுதியில் அது 848. விடிய விடிய அந்த இழுப்பிலேயே பிளேடும் பேரிங்கும் சட்டமும் கிடக்கும். வேலை முடிந்ததும் திருகைத் தளர்த்திவிட்டுப் போவது இதற்காகத்தான். தளர்த்திய பொறியில் 'தளர்ந்திருக்கிறது' என்று ஓர் அட்டையைத் தொங்கவிடுவது நல்லது. மறுநாள் காலையில் அதை மறந்து ஓட்டினால் பிளேடு சக்கரத்தைவிட்டுக் குதித்துவிடும்.

ரோப்காருக்கு இந்தத் தொல்லை வராதா? வரும், இன்னும் பெரிதாகவே வரும்; நூற்றுக்கணக்கான மீட்டர் நீள வடம் அல்லவா? அதனால்தான் ரோப்கார்களில் ஒரு முனைச் சக்கரத்தைத் திருகால் பிடித்துக் கட்டாமல், கனமான எதிரெடையைத் தொங்கவிட்டு இழுக்கும் ஏற்பாட்டைப் பெரும்பாலும் காணலாம். வடம் நீண்டால் எடை இறங்கும், சுருங்கினால் ஏறும். இழுவிசை மட்டும் மாறாது. திருகு நீளத்தைப் பிடித்துவைக்கிறது. தொங்கும் எடை விசையைப் பிடித்துவைக்கிறது. பெரிய மர அறுப்பு ஆலைகளின் ராட்சதப் பட்டை ரம்பங்களிலும் நெம்புகோலில் எடை தொங்கவிடும் வழக்கம் உண்டு. இப்போது வரும் பெரிய உலோக ரம்பங்களில் அதே வேலையை எண்ணெய் அழுத்தத்தால் செய்கிறார்கள். அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தாலே இழுவிசை தெரிந்துவிடும். பிளேடு சூடாகி நீண்டாலும் பிஸ்டன் கூடவே நகர்ந்து ஈடுகட்டும். சிறு பொறிகளில் திருகோடு சேர்ந்திருக்கும் ஸ்பிரிங்கும் ஓரளவுக்கு இதைத்தான் செய்கிறது. அதனால் அவற்றில் மேலே சொன்ன கால் பங்கு இழப்பு அவ்வளவுக்கு இராது.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு பொறியின் சக்கர விட்டம் 450 மி.மீ.; பிளேடின் தடிமன் 1.1 மி.மீ., சுற்றளவு 4 மீட்டர். தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 240 நியூட்டன் வேண்டும். ஸ்பிரிங் இல்லை; சட்டம் வளைவதில்லை என்று கொள்க. (1) வளைவால் மட்டும் ஏற்படும் தகைவு எவ்வளவு? (2) தொய்வு போன பின் சக்கரம் எவ்வளவு தூரம் நகர வேண்டும்? (3) திருகின் புரி இடைவெளி 3 மி.மீ. என்றால் எத்தனை சுற்று?

விடைகள்: (1) சுமார் 489 நியூட்டன் (2) 2.4 மி.மீ. (3) 0.8 சுற்று.